இருப்பவர்களுக்கு எங்கே இடம்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, கோல்மா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊரின் ஜனத்தொகை சுமார் 1,500. ஆனால் அந்த ஊரில் 'நிரந்தரமாக'க் குடியிருப்பவர்கள் சுமார் 15 லட்சம் பேர்! ஆம், ஊரில் பெரும் பகுதி மயானம்தான்.

இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது? ஸான் பிரான்ஸிஸ்கோவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1900-ல் அந்நகர நிர்வாகிகள், எல்லைக்குள் இனிப் பிணம் புதைக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். பிறகு, முன்பே புதைக்கப்பட்டவர்களும் அங்கே இருக்கக் கூடாது என்றாயிற்று. கல்லறைகள் தோண்டப்பட்டன, எலும்புகள் கோல்மாவுக்குக் குடிபெயர்ந்தன. இறந்தவர்களைக் காப்பதற்கென்றே 1924-ல் அது தனி ஊராகவும் பதிவாயிற்று.

இறந்தவர்கள் இடத்தை விட்டுக் கொடுத்து வெகு காலம் ஆகிவிட்டது. இருப்பவர்களுக்கு இடம் கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. கோல்மா அடங்கிய ஸான் மாட்டியோ கவுண்டியில் சமையற்காரரும், பள்ளிக்கூட ஆயாவும், பஸ் டிரைவரும், தோட்டத் தொழிலாளியும் தலைக்கு மேல் ஒரு கூரை தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு எத்தனை வீடு வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை காண அங்கே சட்டம் உண்டு, இலாகா உண்டு, பக்கம் பக்கமாகக் கணக்கு உண்டு. கணக்கு ஒன்றுதானே, இதில் என்ன சுவாரசியம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பதில்தான் ஆயிரக் கணக்கான குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

பணக்கார ஜில்லா

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றது. ஸான் மாட்டியோ கவுண்டிக்கு ஒரு புறம் பசிபிக் மகா சமுத்திரம். மறு புறம் ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடா. 2020 ஜனக் கணிதப்படி ஜனத்தொகை 7,64,442. சின்னதும் பெரியதுமாக 20 நகரங்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வதேச விமான நிலையம் உண்மையில் இந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் தலைமை அலுவலகமும் இங்கேதான், மென்லோ பார்க்கில். தமிழ்நாட்டிலிருந்து போன எஞ்சினீயர்கள் பலருக்கு இந்த வட்டாரம் பழகிய இடம்.

இப்படி லக்ஷ்மி தாண்டவமாடும் இடத்தில் வீட்டுப் பஞ்சமா? லக்ஷ்மி வந்ததுதான் காரணம்! பெரிய சம்பளக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தால், அவருக்குச் சோறு வடிக்க ஒருவர், குழந்தையைப் பார்க்க ஒருவர், அலுவலகத்தைப் பெருக்க ஒருவர் வேண்டும். எஞ்சினீயருக்கு வேலை கொடுத்த ஊர் அவர்களுக்கும் வேலை கொடுத்தது. ஆனால் வீடு கட்டுகிற வேகம் வேலை பெருகிய வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. இருக்கிற வீடு அதிக வாடகை கொடுப்பவருக்குப் போயிற்று.

ஏழை யார்?

கலிபோர்னியா ராஜ்யத்தில் 1969-லேயே ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு கவுண்டியும், தன் எல்லைக்குள் எல்லா வருமானத்தாருக்கும் வீடு அமைய வழி வகுத்துத் திட்டம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். பணக்காரருக்கு மட்டும் திட்டம் போட்டால் போதாது.

அப்படியானால் முதல் கேள்வி: குறைந்த வருமானக்காரர் என்பவர் யார்?

ரேஷன் கடை வரிசையைப் போல அந்த வட்டாரத்துக் குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஏழை, கடைசியில் குபேரன். சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்தான் 'நடு வருமானம்'. அதில் பாதிக்கும் குறைவாகச் சம்பாதிப்பவர் மிகக் குறைந்த வருமானக்காரர். பாதியிலிருந்து நூற்றுக்கு எண்பது பங்கு வரை உள்ளவர் குறைந்த வருமானக்காரர். எண்பதிலிருந்து நூற்றிருபது வரை நடுத்தரம். அதற்கு மேல் மேல்தட்டு. குறைந்த வருமானக்காரருக்கான எல்லைகளை ஆண்டுதோறும் வெளியிடுவது வாஷிங்டனில் உள்ள மத்திய வீட்டு வசதி இலாகா. நான்கு பேர் கொண்ட குடும்பத்தை அடிப்படையாக வைத்து, தனி ஆளுக்கு அதில் நூற்றுக்கு எழுபது, ஐந்து பேருக்கு நூற்றெட்டு என்று கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள்.

2018-ல் இந்தப் பட்டியல் வெளியானபோது அமெரிக்கப் பத்திரிகைகளே அதிசயித்தன. ஸான் மாட்டியோ கவுண்டியில் நான்கு பேர் கொண்ட குடும்பம் வருஷத்துக்கு 1,17,400 டாலர் சம்பாதித்தாலும் 'குறைந்த வருமானம்' என்றது பட்டியல்! அவ்வருஷம் அங்கே நடு வருமானமே 1,18,400 டாலர்தான். எண்பது பங்கு என்றால் 95,000 டாலருக்குக் கீழே அல்லவா வரவேண்டும்? ஒரு பகுதியில் வீட்டுச் செலவு அளவுக்கு மீறி இருந்தால் எல்லையை உயர்த்தலாம் என்று விதியில் இடம் உண்டு. அதன்படி உயர்த்திக்கொண்டே போனதில், வரிசையில் நடுவில் நின்றவரும் ஏழைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

நூற்றுக்கு முப்பது

இரண்டாவது கேள்வி: ஒரு குடும்பம் வாடகைக்கு எவ்வளவு கொடுத்தால் தாங்கும்?

'ஒரு வாரக் கூலி, ஒரு மாத வாடகை' என்பது அமெரிக்காவில் பழைய நாளைய பேச்சு. வருமானத்தில் கால் பங்கு என்று பொருள். 1969-ல் எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சர்க்கார் வீடுகளில் குடியிருப்போர் வருமானத்தில் நூற்றுக்கு 25-க்கு மேல் வாடகை கொடுக்க வேண்டாம் என்றாயிற்று. 1981-ல் இது 30 ஆக ஏறிற்று. அன்று முதல் முப்பதுக்கு மேல் கொடுப்பவர் 'வீட்டுச் சுமை' தாங்குபவர். ஐம்பதுக்கு மேல் கொடுப்பவர் 'கடும் சுமை' தாங்குபவர். கணக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் படி இதுதான்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் ஓட்டலில் சமையல், மனைவி பள்ளிக்கூடத்தில் ஆயா, இரண்டு குழந்தைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து வருஷத்துக்கு 72,000 டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம்; 2018-ம் வருஷப் பட்டியலில் இது 'மிகக் குறைந்த வருமானம்'. மாதம் 6,000 டாலர். முப்பது பங்கு என்றால் வாடகை 1,800-க்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர் 3,000 கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், சம்பளத்தில் சரிபாதி முதல் தேதியன்றே போய்விடுகிறது. மிச்சத்தில் வரி, சாப்பாடு, வேலைக்குப் போகும் காருக்குப் பெட்ரோல், வைத்தியச் செலவு. வாடகையைக் குறைத்துக் கொடுக்க முடியாது, சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். ஏழைக் குடும்பங்கள் எங்கும் செய்வது அதுதான்.

இந்த முப்பது என்ற படிக்கல்லிலும் கோளாறு உண்டு. மாதம் 30,000 டாலர் வாங்குபவர் அதில் நாற்பது பங்கை மாளிகைக்குக் கொடுத்தாலும் மீதி 18,000 டாலர் கையில் நிற்கும். மாதம் 2,000 வாங்கும் கிழவி முப்பது பங்கோடு நிறுத்தினாலும் மீதி 1,400-ல் காலம் தள்ள வேண்டும். படிக்கல்லின்படி முன்னவர் சுமைதாங்கி, கிழவி சௌக்கியம்! கொடுத்தது எத்தனை பங்கு என்று பாராமல், கொடுத்த பின் மிஞ்சியது வயிற்றுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும் என வாதித்தார் மைக்கேல் ஸ்டோன் என்ற அறிஞர். 1993-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனாலும் சர்க்கார் காகிதங்களில் இன்றும் முப்பதுதான் ஆட்சி செய்கிறது. போடுவதற்குச் சுலபமான கணக்கு நிலைத்துவிடுகிறது.

இலை இருந்தும் இடமில்லை

புள்ளி விவரம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க ஜனக் கணித இலாகா ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் விலாசங்களுக்குக் கேள்வித் தாள் அனுப்புகிறது. வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை என்ன, வருமானம் என்ன என்று அதில் கேள்விகள். இந்த விடைகளிலிருந்து வீட்டு வசதி இலாகாவுக்கென்று தனிப் பட்டியல் தயாராகிறது. நான்கு குறைகளை அது தேடுகிறது: சரியான சமையலறை இல்லாமை, குழாய், கழிப்பறை வசதி இல்லாமை, அறைக்கு ஒருவருக்கு மேல் நெருக்கம், முப்பதுக்கு மேல் வீட்டுச் செலவு. நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தக் குடும்பம் வீட்டுப் பிரச்னை உள்ள குடும்பம்.

இங்கே ஒரு நுட்பம். ஏழைகள் ஆயிரம் பேர், மலிவு வாடகை வீடுகளும் ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை ஒன்றும் இல்லை என்று ஏட்டை மூடிவிடலாமா? கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டிருக்கிறது, வெளியே நூறு பேர் பசியோடு நிற்கிறார்கள். ஆனால் அறுபது இலைகளில் வீட்டில் சாப்பிட்டு வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டால்? மலிவு வீட்டில் ஏழைதான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வசதியுள்ளவரும் மலிவு வாடகை கண்டால் விடமாட்டார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள், 'மலிவான வீடு எத்தனை?' என்பதோடு நிறுத்தாமல், 'மலிவாகவும் இருந்து ஏழையின் கைக்கும் எட்டக்கூடிய வீடு எத்தனை?' என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவுடன் பற்றாக்குறை மளமளவென்று பெருகிவிடும்.

ஒண்டுக் குடித்தனம்

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது.

வருங்காலத்தில் எத்தனை வீடு வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது? வெகு காலம் அவர்கள் செய்தது இது: இத்தனை வயதுக்காரரில் இத்தனை பேர் தனிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஜனத்தொகை எவ்வளவு பெருகும் என்று கணிப்பார்கள். இரண்டையும் பெருக்கி, இத்தனை குடித்தனங்கள் புதிதாக ஏற்படும், இத்தனை வீடு வேண்டும் என்று முடிவு கட்டுவார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால், வாடகைக்குப் பயந்து முப்பது வயதுப் பிள்ளை அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டால்? இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டால்? கார் நிறுத்தும் கொட்டகையில் அடுப்பு வைத்து ஒரு குடும்பம் காலம் தள்ளினால்? ஏட்டில் இவர்கள் தனிக் குடித்தனமாகத் தெரியமாட்டார்கள். தனிக் குடித்தனம் குறைவு. ஆகவே வீடும் குறைவாகக் கட்டினால் போதும் என்று சொல்லும் கணக்கு. குறைவாகக் கட்டியதால் வாடகை இன்னும் ஏறும். ஏறியதால் இன்னும் பலர் ஒண்டுவார்கள். அடுத்த கணக்கில் தேவை இன்னும் குறையும்! வீடு இல்லாததால் குடித்தனம் பிரியவில்லை. குடித்தனம் பிரியாததால் வீடு வேண்டாம். ஒண்டுக் குடித்தனத்தின் கஷ்டம் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கஷ்டமே 'வீடு போதும்' என்பதற்குச் சாட்சியாக மாறிய விபரீதத்தை என்னவென்பது!

ஊரை விட்டே போனவர்களின் கதை இன்னும் மோசம். வாடகை கொடுக்க முடியாமல் மலைகளுக்கு அப்பால் உள்ள ஸ்டாக்டன், டிரேஸி போன்ற ஊர்களுக்குக் குடிபோய், விடியுமுன் எழுந்து காரோட்டி வேலைக்கு வருகிறவர்கள் பலர். அவர்கள் வேலை செய்வது இங்கே, எண்ணப்படுவது அங்கே.

16,418 எப்படி 47,687 ஆயிற்று?

இந்தக் குறையைப் போக்க 2018-ல் கலிபோர்னியா சட்டசபை விதியைத் திருத்தியது. இனிமேல் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் கணக்குப் போடும்போது, அங்கே நெருக்கடியும் வாடகைச் சுமையும் நாட்டின் ஒத்த பிற பிரதேசங்களைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும். அதிகமானால் அதற்கேற்ப வீட்டுத் தேவையைக் கூட்ட வேண்டும். ஊரில் எப்போதும் கொஞ்சம் வீடு காலியாகவும் இருக்க வேண்டும். வாடகை வீடுகளில் நூற்றுக்கு ஐந்திலாவது 'டு-லெட்' பலகை தொங்கினால்தான் குடியிருப்போருக்குப் பேரம் பேசும் தைரியம் வரும். அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

பலன்? ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளுக்கு 2015 முதல் 2023 வரை வேண்டிய வீடுகள் 1,87,990 என்று முன்பு கணித்திருந்தார்கள். 2023 முதல் 2031 வரையிலான கணக்கில் அது 4,41,176 ஆயிற்று. ஸான் மாட்டியோ கவுண்டியின் பங்கு 16,418-லிருந்து 47,687 ஆக ஏறிற்று. ஏறக்குறைய மூன்று மடங்கு! ஜனத்தொகையா மூன்று மடங்காயிற்று? இல்லை. அளவுகோல் மாறிற்று. அதுவரை கண்ணில் படாதவர்கள் கண்ணில் பட்டார்கள்.

47,687-ஐப் பிரித்துப் பார்ப்போம். மிகக் குறைந்த வருமானத்தாருக்கு 12,196, குறைந்த வருமானத்தாருக்கு 7,023, நடுத்தரத்தாருக்கு 7,937, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 20,531. ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 19,219 வீடுகள், ஏழைகளுக்கு.

புதிய கணக்கு மட்டும் அப்பழுக்கற்றதா என்றால், அதுவும் இல்லை. 2022 மார்ச்சில் ராஜ்யத் தணிக்கை அதிகாரி இதைப் பரிசோதித்து, சில பிரதேசங்களின் கணக்கில் பிழைகள் இருக்கின்றன என்றும், சில அம்சங்களுக்கு இலாகா போதிய ஆதாரம் காட்டவில்லை என்றும் அறிக்கை கொடுத்தார். கணக்குப் போடுபவரையும் கணக்குக் கேட்க ஒருவர் இருப்பது நல்லதுதான்.

மலைச் சிங்கத்தின் பெயரால்

மொத்தத் தொகை வந்துவிட்டது. இனி யார் தலையில் எத்தனை? வேலை வாய்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கும், நல்ல பள்ளிக்கூடமும் வசதியும் உள்ள ஊருக்கும் அதிகப் பங்கு என்று வளைகுடாப் பிரதேச நகரங்களின் சங்கம் சூத்திரம் வகுத்தது. இதுவரை ஒதுங்கியே இருந்த செல்வந்தர் ஊர்களுக்கும் பங்கு வந்தது. ஏதர்ட்டன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு ஏக்கர் மனை என்பது வழக்கம். அதற்கு வந்த பங்கு 348 வீடுகள். ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. பல நகரங்கள் அப்பீல் செய்தன, பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டன.

இதே சமயத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீடு இருந்த மனையைப் பிரித்துக் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதிக்கும் இன்னொரு ராஜ்யச் சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது. உட்ஸைட் என்ற செல்வந்தர் ஊர், 'எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கம் உலவும் காடு. ஆகவே இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்று அறிவித்தது! மாளிகைகளுக்குக் காடாகத் தெரியாத இடம், சின்ன வீடுகளுக்கு மட்டும் காடாகிவிட்டது. நாடு முழுவதும் சிரித்தது. ராஜ்ய அட்டர்னி ஜெனரல் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஊரார் தங்கள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கைப் பற்றி ஒன்றை மறந்துவிடக் கூடாது. 47,687 என்றால் அத்தனை வீடுகளைச் சர்க்கார் கட்டித் தரும் என்று பொருளல்ல. அத்தனை வீடுகள் கட்ட நிலத்தையும் விதிகளையும் நகரங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பொருள். தக்க திட்டத்தைக் காலத்தில் தராத நகரத்தில், ஏழைகளுக்கும் பங்கு வைத்துக் கட்ட முன்வரும் கம்பெனியை உள்ளூர் விதியைக் காட்டித் தடுப்பது கடினம். அந்த மட்டில் சட்டத்துக்குப் பல் உண்டு. பணம்? அதற்கு 1986-ல் ஏற்பட்ட வரிச் சலுகைத் திட்டம், கவுண்டியின் விற்பனை வரியில் ஒரு பங்கு என்று பல இடங்களில் கையேந்த வேண்டியிருக்கிறது. சென்ற முறை நடந்தது என்ன? வளைகுடாப் பிரதேசத்தில் மேல்தட்டினருக்கென்று குறித்த வீடுகள் இலக்கைத் தாண்டின. ஏழைகளுக்கென்று குறித்தவை இலக்கை எட்டவில்லை. பணக்காரர் வீட்டைச் சந்தை கட்டிவிடுகிறது. ஏழை வீட்டை யாராவது கட்ட வேண்டும்.

காளான் பண்ணைக் கொட்டகைகள்

சமுத்திரக் கரையோரம் ஹாப் மூன் பே என்று அழகான ஓர் ஊர். 2023 ஜனவரி 23-ந் தேதி அங்குள்ள காளான் பண்ணைகள் இரண்டில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து ஏழு தொழிலாளர்கள் மாண்டனர். நாடே திடுக்கிட்டது. விசாரணைக்கும் துக்கம் விசாரிக்கவும் போன அதிகாரிகள் இன்னொன்றையும் கண்டார்கள். தொழிலாளர்கள் பண்ணைக்குள்ளேயே ஓட்டைக் கொட்டகைகளில் வசித்தார்கள்; கப்பலில் சரக்கேற்றும் பெட்டிகளிலும் சிலர் குடியிருந்ததாகக் கவர்னர் அலுவலகம் சொல்லிற்று.

அத்தனை பட்டியல்களும், அத்தனை கேள்வித் தாள்களும் இருந்தும், அந்தக் கொட்டகைகள் ஊரார் கண்ணில் பட ஏழு உயிர் போக வேண்டியிருந்தது. விலாசம் இருந்தால்தானே கேள்வித் தாள் போகும்? பாஷை தெரிந்தால்தானே பதில் எழுத முடியும்? வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில் இருக்கும்போது, 'என் வீடு ஒழுகுகிறது' என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அதற்குப் பின்னும் பாதை சுலபமாக இல்லை. வயதான பண்ணைத் தொழிலாளர்களுக்கென்று ஊருக்குள் 40 வீடுகள் கொண்ட ஐந்து மாடிக் கட்டடம் கட்டத் திட்டம் வந்தது. 'ஐந்து மாடி எங்கள் ஊருக்கு ஒவ்வாது' என்று ஆட்சேபம் எழுந்தது. கவர்னரே தாமதத்தைக் கண்டித்துப் பேசிய பிறகு, 2024-ல் நகரத் திட்டக் குழு சம்மதம் அளித்தது.

வீடே இல்லாதவர்களை எண்ணவும் ஒரு முறை உண்டு. ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாளைத் தேர்ந்து, தொண்டர்கள் தெருத் தெருவாகப் போய், நடைபாதையிலும் காரிலும் கூடாரத்திலும் படுத்திருப்பவர்களை எண்ணுகிறார்கள். ஸான் மாட்டியோ கவுண்டியில் 2022-ல் இவர்களையும் தற்காலிக விடுதிகளில் தங்கியிருந்தவர்களையும் சேர்த்து எண்ணியபோது 1,808 பேர். 2024-ல் 2,130 பேர். அன்று இரவு உறவினர் வீட்டுச் சோபாவில் படுத்தவர் இதில் சேர்த்தி இல்லை. மறு நாள் அவர் எங்கே படுப்பார் என்று கேட்பாரும் இல்லை.

நம் கணக்கு

பொருமிக்கொண்டே படிக்கும் வாசகர் ஒருவர், 'அவர்கள் ஊர்க் கதை இருக்கட்டும், நம் ஊரில் எப்படி?' என்று கேட்கலாம். நம் நாட்டிலும் இக்கணக்கு உண்டு. 2012-ல் பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் ஒரு நிபுணர் குழு, இந்திய நகரங்களில் பற்றாக்குறை 1 கோடியே 87.8 லட்சம் வீடுகள் என்று கணித்தது. இதில் வீடே இல்லாதவர்களின் பங்கு 5.3 லட்சம்தான். பெரும் பகுதி, அதாவது 1 கோடியே 49.9 லட்சம், நெருக்கடியால் வந்தது. மணமான தம்பதிகளுக்குத் தனி அறை இல்லாத குடும்பங்களையும் அந்தக் குழு பற்றாக்குறையில் சேர்த்தது. அதை விட்டிருந்தால் நம் பற்றாக்குறையும் காகிதத்தில் மாயமாய் மறைந்திருக்கும். மொத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழை, கீழ் நடுத்தரக் குடும்பங்களின் குறை. ஆனால் 2011 ஜனக் கணிதத்தின்படி நம் நகரங்களில் காலியாகப் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல்! இலை இருக்கிறது, உட்கார வேண்டியவர் வெளியே நிற்கிறார்.

ஆக, ஸான் மாட்டியோவானாலும் சென்னையானாலும், வீட்டுக் கணக்கைக் கேட்கும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது கூட்டலும் கழித்தலும் அல்ல. யாரை எண்ணினீர்கள் என்பதுதான். மாமனார் வீட்டுத் திண்ணையில் படுப்பவனை எண்ணினீர்களா? ஊரை விட்டுப் போனவனை எண்ணினீர்களா? பண்ணைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தீர்களா? எண்ணப்படாதவனுக்கு ஒரு செங்கல்கூட ஒதுக்கமாட்டார்கள்.

கோல்மாவில் இடுகாட்டு ஏடு ஒன்று உண்டானால் அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும்: பெயர், தேதி, குழியின் இலக்கம். இறந்தவர்களுக்குச் செய்த இந்த மரியாதையை இருப்பவர்களுக்கும் செய்தால் போதும். அவர்களுக்கும் ஒரு வரி. ஒரு கதவு இலக்கம்.